இலவசக் குடையும் சுதேசிக் கப்பலும்

மூன்றாமாண்டு, இளங்கலை வரலாறு

மாலையில் நம் கல்லூரி வாயிலில் வந்து நிற்கும் நகரப் பேருந்தை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். அதனுள்ளே, ஓட்டுநர் இருக்கைக்குப் பின்புறம் ஒரு திருக்குறள் எழுதப்பட்டிருக்கும். அதன் வெளியிலோ எங்கு நோக்கினும் விளம்பரம்! பக்கங்கள் இரண்டிலும் நகைக்கடை, முதுகில் குளிர்பானம், சன்னல் கண்ணாடியின் மேலும் ஒட்டுப்படம். உள்ளே அமர்ந்திருப்பவர் தம் ஊர்த் தெருவையே புள்ளி புள்ளியாய்த்தான் காண வேண்டும்.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஒருநாள் வகுப்பில் சுதேசி இயக்கம் பற்றிய பாடம் நடந்தது. பாடம் முடிந்து, நனைந்துகொண்டே பேருந்துக்காக நின்றேன். வந்த வண்டியின் பக்கத்தில் பெரிய எழுத்தில் ஒரு விளம்பரம். ஏதோ ஒரு தேயிலைத் தூளை இரண்டு பொட்டலம் வாங்கினால் ஒரு குடை இலவசமாம். என் அருகில் நின்ற நண்பர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சற்று முன்புதான் வகுப்பில் வேறொரு இலவசக் குடையைப் பற்றிக் கேட்டிருந்தேன். அந்தக் குடை ஒரு கப்பலைக் கவிழ்க்கப் பிடிக்கப்பட்ட குடை. அந்தக் கப்பலுக்குரியவரின் வாழ்க்கையை நம் மலரில் எழுத வேண்டும் என்ற எண்ணம் அன்று பிறந்ததுதான்.

ஒட்டப்பிடாரத்து வழக்குரைஞர்

கப்பலோட்டிய தமிழன் என்றும், செக்கிழுத்த செம்மல் என்றும் நாம் போற்றும் வ.உ.சிதம்பரனார், திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த ஒட்டப்பிடாரத்தில் 1872ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் பிறந்தார். தந்தையார் உலகநாத பிள்ளை. அன்னையார் பரமாயி அம்மையார். தந்தையார் வழக்குரைஞர். மகனும் திருச்சியில் சட்டம் பயின்று 1895இல் அதே தொழிலை மேற்கொண்டார். ஏழைகளுக்காகப் பொருள் வாங்காமலே வாதாடும் இயல்பு அவருக்கு இருந்தது. 1900இல் தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்தார்.

தூத்துக்குடி அந்நாளில் இலங்கைக்கு வாயிலாக விளங்கிய துறைமுகம். தோட்டத் தொழிலாளர்களும், வணிகர்களும், மூட்டை முடிச்சுகளும் அங்கிருந்துதான் கொழும்புக்குக் கப்பலேறின. ஏறுபவர் தமிழர், ஏற்றுபவர் தமிழர், ஏற்றப்படும் சரக்கும் தமிழ்நாட்டுச் சரக்கு. கப்பல் மட்டும் ஆங்கிலேயருடையது! பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி என்னும் அந்நிறுவனத்தின் கையில் அக்கடல்வழி அகப்பட்டுக் கிடந்தது. அதன் தூத்துக்குடி முகவர்களாக இருந்தவர்கள் ஹார்வி கம்பெனியார். ஊரின் பெரிய நூற்பாலையாகிய கோரல் ஆலையும் அவர்கள் பொறுப்பிலேயே இருந்தது. நிலத்தில் உழைத்தாலும் அவர்களிடம், நீரில் சென்றாலும் அவர்களிடம் என்பதே அன்றைய நிலை.

1905ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் வங்காளம் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. அந்நியத் துணியை விலக்குவோம், நம் நாட்டுப் பொருளையே வாங்குவோம் என்ற உறுதி அங்கிருந்து நாடெங்கும் பரவியது. சென்னையில் இராமகிருஷ்ண மடத்தைச் சேர்ந்த இராமகிருஷ்ணானந்தரைச் சந்தித்ததும் வ.உ.சி.யின் உள்ளத்தில் சுதேசிய வித்தினை ஊன்றியது. பிறகு பாரதியாரின் நட்பும் வாய்த்தது.

நம் நாட்டுப் பொருளை வாங்குங்கள் என்று மேடையில் சொல்லிவிட்டு இறங்கிப்போவது எளிது. வாங்குவதற்கு நம் பொருள் கடையில் இருக்க வேண்டுமே! அதனை உணர்ந்தவர் வ.உ.சி. தூத்துக்குடியில் தரும சங்க நெசவுச்சாலை, சுதேசியப் பண்டகசாலை முதலியவற்றை அவர் ஏற்படுத்தியது அதற்காகவே. முதலில் சரக்கு, பின்பு பிரச்சாரம் என்பதே அவர் கண்ட முறை.

கப்பல் வந்த கதை

நெசவுச்சாலையோடு நிற்க அவர் மனம் ஒப்பவில்லை. கடலிலும் சுதேசியம் வேண்டும் என்று எண்ணினார். 1906ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள், அதாவது வங்கப் பிரிவினை நடந்து சரியாக ஓராண்டு நிறைந்த நாளில், சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி பதிவு செய்யப்பட்டது. மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர் தலைவரானார். ஹாஜி முகமது பக்கீர் சேட் என்ற வணிகர் ஒருவரே 8,000 பங்குகளுக்கு 2 லட்சம் ரூபாய் தந்தார். சைவரும், இசுலாமியரும், வழக்குரைஞரும், வணிகரும் ஒரே கப்பலின் உடைமையாளராயினர். ஆசியர் அனைவரும் பங்கு வாங்கலாம் என்று விதி வகுத்திருந்தார்கள். கப்பல் ஓட்டும் கலையையும் கட்டும் கலையையும் நம்மவர்க்குப் பயிற்றுவிப்பதும் கம்பெனியின் நோக்கங்களுள் ஒன்று.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். வ.உ.சி.யும் விளம்பரம் செய்தவர்தாம். பங்கு சேர்க்க அறிக்கை வெளியிட்டார். ஊர் ஊராகச் சென்று பேசினார். பாரதியாரின் இந்தியா இதழ் அவருக்குத் துணை நின்றது. ஆனால் அந்த அறிக்கையைப் படித்தவன், தான் எதற்குப் பணம் தருகிறான், எவ்வளவு தருகிறான், அதனால் நாட்டுக்கு விளைவது என்ன என்பதைத் தெரிந்துகொண்டான். விவரம் சொல்லி வாங்கச் சொல்வது ஒரு வகை. விவரத்தை மறைக்க ஆசையைக் காட்டுவது மற்றொரு வகை. இவ்விரண்டும் விளம்பரம் என்ற ஒரே பெயரால் வழங்குவதுதான் நம்மை மயக்குகிறது.

முதலில் கம்பெனிக்குச் சொந்தக் கப்பல் இல்லை. பம்பாயிலிருந்த ஒரு கப்பல் கம்பெனியிடம் வாடகைக்கு எடுத்தே ஓட்டினர். வெள்ளையர் கம்பெனி நெருக்கியது; வாடகைக் கப்பல் நின்றுபோயிற்று. வ.உ.சி. கொழும்பு சென்று வேறொரு கப்பலை வாடகைக்கு அமர்த்தி வந்தார். இரவல் கப்பலில் எத்தனை நாள் செல்வது? சொந்தக் கப்பல் வாங்கப் பம்பாய் புறப்பட்டார். அப்போது வீட்டில் மூத்த மகன் உலகநாதன் நோயுற்றுக் கிடந்தான். மனைவியார் மீனாட்சி அம்மையார் கருவுற்றிருந்தார். கப்பலோடு திரும்புவது, இல்லையேல் கடலில் வீழ்ந்து உயிர் துறப்பது என்று சூளுரைத்துச் சென்றார் என்பர். 1907ஆம் ஆண்டில் காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்தன. காலியாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பயணம் செய்யலாம். 4,000 மூட்டைகளையும் ஏற்றலாம். துறைமுகம் திருவிழாக்கோலம் பூண்டது. சொந்தக் கப்பலைக் கண்ட மக்களின் மகிழ்ச்சிக்கு அளவுண்டோ!

குடையின் விலை

மக்கள் சுதேசிக் கப்பலை நாடினர். வணிகரும் தம் சரக்கை அதில் ஏற்றினர். வெள்ளையர் கம்பெனியின் வருவாய் சரிந்தது. உடனே அது கட்டணத்தைக் குறைத்தது. தலைக்கு 1 ரூபாய் என்றது. சுதேசிக் கம்பெனி 8 அணா என்றது. அதற்கும் எதிராளி சளைக்கவில்லை. காசே வேண்டாம், இலவசமாய் ஏறுங்கள் என்றது. ஏறினால் ஒரு குடையும் பரிசு என்றது!

நண்பர்களே, ஒரு கணம் அந்தத் துறைமுக மேடையில் நின்று பாருங்கள். கொழும்புக்குப் பிழைக்கப் போகும் கூலித் தொழிலாளி ஒருவன், மடியில் சில்லறையும், தோளில் மூட்டையுமாய் நிற்கிறான். இரண்டு கப்பல்கள். ஒன்றில் 8 அணா கொடுக்க வேண்டும். மற்றொன்றில் கொடுக்க வேண்டியது ஒன்றுமில்லை. மேலும் குடை ஒன்று கிடைக்கும். அவன் இரண்டாவதில் ஏறினால் அவனைக் குறை கூற எனக்கு நா எழவில்லை. எட்டணாவின் அருமை அவனுக்குத்தான் தெரியும்.

ஆயினும் அந்தக் குடையின் விலையைக் கணக்கிட வேண்டியது நம் கடமை. பிரிட்டிஷ் கம்பெனிக்கு உலகின் பல கடல்களில் கப்பல்கள் ஓடின. ஓரிடத்தில் இழந்ததை வேறிடத்தில் ஈட்டிக்கொள்ள அதனால் முடிந்தது. சுதேசிக் கம்பெனிக்கு இருந்ததோ ஒரே கடல், இரண்டே கப்பல். ஒருவன் தன் செல்வத்தில் ஒரு துளியை வீசி, எளியவனின் முழு முதலையும் மூழ்கடிக்கும் போட்டி அது. அந்தக் குடை மழைக்காகக் கொடுக்கப்பட்டதன்று. சுதேசிக் கப்பல் துறையை விட்டு அகலும்வரைதான் அதற்கு ஆயுள். போட்டி ஒழிந்த மறுநாள் எவன் குடை கொடுப்பான்? எவன் இலவசமாய் ஏற்றுவான்?

இலவசம் என்பதெல்லாம் தீது என்று நான் சொல்ல வரவில்லை. 2021 முதல் தமிழ்நாட்டு நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிச் செல்கின்றனர். அது நம் வரிப்பணத்தில், நாமறிய, நாம் தேர்ந்தெடுத்த அரசு செய்வது. வேண்டாமெனில் கேள்வி கேட்கும் உரிமையும் நமக்குண்டு. அன்றைய குடையோ, வாங்குபவனின் கண்ணை மறைக்கப் பிடித்த குடை. இந்த வேற்றுமையை அறிதல் வேண்டும்.

ஆலையும் சிறையும்

வ.உ.சி. கப்பலோடு நிற்கவில்லை. 1908ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 27ஆம் நாள் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலை நிறுத்தம் தொடங்கினர். அவர்களுக்குத் துணை நின்றவர்கள் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும். ஊரே தொழிலாளர் பக்கம் நின்றது. வெள்ளையரை ஆதரித்துப் பேசிய ஒருவருக்குப் பாதி முகம் மழித்த நிலையில் நாவிதர் கத்தியை மடக்கிக்கொண்டு எழுந்துபோன கதை இன்றும் தூத்துக்குடியில் பேசப்படுகிறது. அந்த நாவிதரும் தம் தொழிலால் நாட்டுக்குப் பணி செய்தவரே. ஒன்பது நாளில் ஆலை நிருவாகம் பணிந்தது, கூலி உயர்ந்தது, வேலை நேரமும் விடுமுறையும் ஒழுங்காயின.

கம்பெனிப் பங்குதாரர் சிலர் அச்சமுற்றனர். அரசியலை விட்டுவிட்டுக் கப்பலை மட்டும் கவனிக்குமாறு வ.உ.சி.யை வற்புறுத்தினர். அவர் அதற்கு இசையவில்லை. கப்பலும் நாடும் அவருக்கு ஒன்றே.

1908 மார்ச் 12இல் வ.உ.சி.யும் சிவாவும் கைது செய்யப்பட்டனர். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் உயிர் துறந்தனர். சூலைத் திங்கள் 7ஆம் நாள் நீதிபதி பின்ஹே தீர்ப்பளித்தார். வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை; அதாவது 40 ஆண்டுகள்! அப்போது அவருக்கு வயது 35. தீர்ப்பைக் கேட்ட தம்பி மீனாட்சிசுந்தரம் சித்தம் கலங்கினார். பின்னர் தேறவே இல்லை. மேல்முறையீடுகளின் பயனாகத் தண்டனை 6 ஆண்டாகக் குறைந்தது.

கோயம்புத்தூர்ச் சிறையில் மாடு இழுக்க வேண்டிய செக்கை அவர் இழுத்தார். கொழும்புத் துறையில் கப்பலை நிறுத்தியவர், கொளுத்தும் வெயிலில் எண்ணெய்ச் செக்கைச் சுற்றினார். பின்னர்க் கண்ணனூர்ச் சிறைக்கு மாற்றப்பட்டார். அந்த நிலையிலும் படிப்பையும் எழுத்தையும் அவர் கைவிடவில்லை என்பதை மாணவராகிய நாம் மனத்திற்கொள்ள வேண்டும். ஜேம்ஸ் ஆலனின் நூலை மனம் போல வாழ்வு என்ற பெயரில் தமிழாக்கியதும் சிறைக்காலத்து உழைப்பே.

கரை தட்டிய கப்பல்

அவர் சிறையிலிருந்தபோதே, 1911இல், கம்பெனி கலைக்கப்பட்டது, கப்பல்களும் கைமாறின. வெள்ளையர் சூழ்ச்சிதான் அதனை வீழ்த்தியது என்று நாம் சொல்கிறோம். அது உண்மை, ஆனால் முழு உண்மையன்று. தலைவர் சிறை சென்றதும் பங்குதாரர் பலர் பின்வாங்கினர். கரையில் கூடி வாழ்த்தொலி எழுப்பிய கூட்டம், கம்பெனி நலிவுற்றபோது கூடவில்லை. எதிரியின் குடை பாதி வேலையைச் செய்தது. நம் மறதி மறுபாதியைச் செய்தது. சுதேசியம் ஒருநாள் திருவிழாவன்று. நாள்தோறும் செய்ய வேண்டிய நோன்பு. அதைத்தான் அந்தக் கப்பல் நமக்குச் சொல்லிவிட்டுச் சென்றது.

1912 டிசம்பரில் வ.உ.சி. விடுதலையானபோது சிறை வாயிலில் வரவேற்க நின்றவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே. வழக்குரைஞர் உரிமம் பறிபோயிருந்தது. சென்னையில் குடும்பத்தோடு வறுமையில் வாடினார். சிறு கடை வைத்துப் பார்த்தார், அதுவும் கைகொடுக்கவில்லை. பின்னாளில் வாலேஸ் என்ற ஆங்கிலேயரின் உதவியால் உரிமம் திரும்பக் கிடைத்தது. அந்த நன்றியை மறவாமல் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். ஆங்கிலேயர் வாணிகத்தை எதிர்த்தவர் ஆங்கிலேயர் எவரையும் பகைக்கவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

கோவில்பட்டியிலும் பின்னர்த் தூத்துக்குடியிலும் தொழில் நடத்தினார். தொல்காப்பியம் இளம்பூரணர் உரையைப் பதிப்பித்தார். திருக்குறள் அறத்துப்பாலுக்கு உரை எழுதினார். 1936ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் நாள், தம் விருப்பப்படியே தூத்துக்குடிக் காங்கிரஸ் அலுவலகத்தில் கண் மூடினார். இன்று அத்துறைமுகம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

நம் பேருந்து

மீண்டும் நம் பேருந்துக்கு வருவோம். அது நம் வரிப்பணத்தில் ஓடும் வண்டி. அந்த வகையில் அதுவும் ஒரு சுதேசிக் கப்பலே. விளம்பரத்தால் போக்குவரத்துக் கழகத்துக்கு வருவாய் கிடைக்கிறது என்பர். கிடைக்கட்டும்; அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த வருவாய்க்காக நாம் இழப்பது என்ன என்பதையும் சேர்த்தல்லவா கணக்கெழுத வேண்டும்?

செய்தித்தாளில் விளம்பரம் வந்தால் பக்கத்தைப் புரட்டிவிடலாம். பேருந்தில் வருவதை எங்ஙனம் புரட்டுவது? நிறுத்தத்தில் நிற்கும் முதியவரும், கைக்குழந்தையோடு நிற்கும் தாயும், பள்ளிச் சிறுவனும் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் அதைப் பார்த்தே ஆக வேண்டும். எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளை முதலில் படிப்பது அதைத்தான். பின்னாலிருந்து ஓடிவரும் பயணிக்கு வண்டி எண் தெரியாது, வாசகம் தெரியும்.

இதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. பேருந்தின் முதுகை வாடகைக்கு எடுக்க எவரால் இயலும்? பெரிய முதலாளியால் இயலும். நம் ஊர்ச் சந்தில் கோலி சோடா நிரப்புபவரால் இயலுமா? தறியில் துண்டு நெய்பவரால் இயலுமா? கருப்பட்டி காய்ச்சும் தாயால் இயலுமா? ஊரார் பணத்தில் ஓடும் வண்டி, ஊரார் செய்த பொருளை மறைத்துக்கொண்டு ஓடுகிறது. இதில் யார் மீதும் எனக்குச் சினமில்லை. ஆனால் இது சரியா என்று கேட்கும் உரிமை பயணச்சீட்டு வாங்கும் எவருக்கும் உண்டு.

விளம்பரமின்றி எப்பொருள் விலைபோகும் என்று கேட்பீர்கள். வ.உ.சி. வழக்காடிய கோவில்பட்டியையே எடுத்துக்கொள்வோம். அவ்வூர்க் கடலைமிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் புகழ் பேருந்தின் முதுகில் ஏறி வந்த புகழன்று. தின்றவர் நாவிலிருந்து கேட்டவர் செவிக்கு நடந்து வந்த புகழ். நல்ல பொருளுக்கு வாங்கியவரே வாயிலோன்.

ஆகவே நாம் செய்யக்கூடியது மிகப் பெரிதொன்றுமில்லை. நம் உணவகத்திலும் விடுதியிலும் இந்த ஊர்ப் பொருளைக் கேட்போம். குறை இருந்தால் செய்தவரிடமே சொல்வோம். திருந்தினால் பத்துப் பேரிடம் சொல்வோம். எட்டணா கூடினாலும் ஏன் கூடுகிறது என்று விசாரிப்போம். இலவசம் என்ற சொல்லைக் கண்டால், இதன் விலையை யார் கொடுக்கிறார் என்று ஒருமுறை நின்று கேட்போம்.

சென்ற வாரமும் மழை பெய்தது. அதே பேருந்தில்தான் ஏறினேன். ஓட்டுநர் பின்னாலிருந்த குறளைப் படித்தேன். அதற்கு உரை கண்டவர் ஒரு காலத்தில் கப்பல் ஓட்டினார் என்பது நினைவுக்கு வந்தது. இறங்கும்போது கையில் குடையில்லை; நனைந்துகொண்டேதான் வீடு சேர்ந்தேன். முனைக்கடையில் ஊர்த் தறியில் நெய்த துண்டு ஒன்று வாங்கித் தலையைத் துவட்டிக்கொண்டேன்.